சிவப்பு வளாகம் எது?

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு வீடுகளில் கல்லூரித் தரவரிசைப் பட்டியலைப் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஒன்றிய அரசு 2016 முதல் வெளியிட்டுவரும் தேசியத் தரவரிசை ஐந்து கூறுகளை எடைபோடுகிறது: கற்பித்தல் வசதிகள், ஆராய்ச்சி, படித்து முடிப்போரின் நிலை, பல தரப்பினரையும் சேர்த்துக்கொள்ளும் தன்மை, வெளியுலகில் உள்ள பெயர். நிர்வாகத்தைக் கண்டித்துத் துண்டறிக்கை கொடுக்கும் மாணவருக்கு அங்கே என்ன நேரும் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. மார்க்ஸையும் அம்பேத்கரையும் பெரியாரையும் பாடத்துக்கு வெளியிலும் படிக்க நினைக்கிற, சங்கம் கட்ட ஆசைப்படுகிற, தேவைப்பட்டால் நிர்வாகக் கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்துவிடத் தயங்காத மாணவருக்கு அதுதான் முதல் கேள்வி. அதற்கு விடையாக அவருக்குக் கிடைப்பவை செவிவழிப் பெயர்கள்: டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யு.), கொல்கத்தா ஜாதவ்பூர், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி கல்லூரி. பெயரையும் கொடியையும் பேராசிரியர்களின் கருத்துச் சாய்வையும் நம்பித் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம். பார்க்க வேண்டியவை மூன்று. யாரால் உள்ளே வர முடிகிறது? வந்தபின் மாணவர்களின் கையில் எது இருக்கிறது? எதிர்த்துப் பேசினால் கொடுக்க வேண்டிய விலை என்ன? இந்த மூன்றுக்கும் விடை சேர்க்கை விதியிலும் கட்டணப் பட்டியலிலும் ஒழுங்கு விதிகளிலும் எழுதப்பட்டே இருக்கிறது. சிரமப்பட்டுப் படிப்பவர்கள்தாம் குறைவு.

ஜே.என்.யு.விலிருந்தே தொடங்கலாம். 1966இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1969இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அதன் இடதுசாரித் தன்மைக்கு நேருவின் பெயரும், முதல் துணைவேந்தர் ஜி. பார்த்தசாரதியின் காலத்தில் வந்துசேர்ந்த பேராசிரியர்களும் காரணம் என்று சொல்வது வழக்கம். அதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி சேர்க்கை விதியில் இருக்கிறது. பெருநகரத்து ஆங்கிலவழிப் பிள்ளைகள் மட்டும் நுழைவுத் தேர்வில் தேறினால் போதாது என்று 1970களின் தொடக்கத்தில் மாணவர்களே போராடி ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள். பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வருபவருக்குத் தேர்வு மதிப்பெண்ணுடன் கூடுதல் மதிப்பெண் சேர்க்கும் முறை அது. பெண்களின் எழுத்தறிவு, ஊரக மக்கள்தொகை, விவசாயத் தொழிலை நம்பியிருப்போரின் விகிதம் போன்றவற்றைக் கொண்டு மாவட்டங்கள் வகைப்படுத்தப்பட்டன. பிற்காலத்தில் பெண் விண்ணப்பதாரர்களுக்கும் கூடுதல் மதிப்பெண் தரப்பட்டது. 1983இல் நடந்த பெரும் போராட்டத்தை ஒட்டிப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் திகார் சிறைக்குப் போனார்கள். அதன் பிறகு அந்த முறை எடுத்துவிடப்பட்டது. அடுத்த பத்தாண்டு அதை மீட்கும் கோரிக்கையிலேயே கழிந்து, 1990களின் தொடக்கத்தில் அது திரும்பவும் வந்தது. ஒரிசாவின் காலாஹாண்டியிலிருந்தும் பீகாரின் உள்மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் வகுப்பில் உட்கார்ந்தபோது நிலம், கூலி, சாதி என்ற சொற்கள் பாடப்புத்தகச் சொற்களாக மட்டும் நின்றுவிடவில்லை. வளாகத்தைச் சிவப்பாக்கியதில் பேராசிரியரின் விரிவுரைக்கு உள்ள பங்கைவிடப் பக்கத்து இருக்கைக்காரருக்கு உள்ள பங்கு அதிகம்.

உள்ளே வருவது ஒன்று, உள்ளேயே தாக்குப்பிடிப்பது வேறு. 2017-18ஆம் ஆண்டுக்கான ஜே.என்.யு. ஆண்டறிக்கையின்படி அவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த 1,556 பேரில் 623 பேரின் குடும்ப வருமானம் மாதம் 12,000 ரூபாய்க்கும் கீழ். அதாவது நூற்றுக்கு நாற்பது பேர். டெல்லி போன்ற ஊரில் இந்தப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் தங்கிப் படிக்க முடிந்ததற்குக் காரணம் விடுதி வாடகை. அப்போது தனி அறைக்கு மாதம் 20 ரூபாய், இருவர் அறைக்கு 10 ரூபாய். 2019இன் இறுதியில் இதை முறையே 600, 300 என்று உயர்த்தவும், அதுவரை இல்லாத சேவைக் கட்டணமாக மாதம் 1,700 ரூபாய் வசூலிக்கவும் நிர்வாகம் முனைந்தது. அதே வரைவு விடுதி விதிகளில் இரவு நேரக் கட்டுப்பாடும், உணவுக்கூடத்துக்கு வருகையில் உடை எப்படி இருக்க வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தன. இவை ஒன்றாக வந்தது தற்செயலானதன்று. அறைக்கு மலிவான வாடகை கொடுக்கும் மாணவருக்கு நேரம் மிஞ்சுகிறது. நேரம் மிஞ்சினால் கூட்டம் போடுவார், படிப்பு வட்டம் நடத்துவார், பக்கத்து விடுதியின் மெஸ் தொழிலாளிக்குச் சம்பளம் சரியாகப் போகிறதா என்று கேட்பார். கட்டணத்தை ஏற்றினால் அந்த நேரம் பகுதிநேர வேலைக்குப் போய்விடும். ஆகவே தகவல் கையேட்டில் கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. விடுதி, மெஸ் முன்பணம், சேவைக் கட்டணம் என்று கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருப்பவைதாம் வளாகத்தில் யார் எத்தனை நாள் இருக்க முடியும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இந்த அளவுகோலைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தால் எதிர்பாராத விடை கிடைக்கிறது. 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், பேருந்துச் சலுகை எல்லாம் சேர்ந்து, ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு கலைக்கல்லூரி வகுப்பறையில் விவசாயக் கூலியின் மகளையும் கட்டடத் தொழிலாளியின் மகனையும் உட்காரவைத்திருக்கின்றன. யார் உள்ளே வருகிறார்கள் என்ற முதல் கேள்வியில் இந்தக் கல்லூரிகள் நாட்டின் பேர்பெற்ற நிறுவனங்கள் பலவற்றைவிட நன்றாகவே தேறும். மறுபக்கம், அரியானாவில் உள்ள அசோகா பல்கலைக்கழகத்தைப் போன்ற தனியார் தாராளவாதக் கல்வி நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். பாடத்திட்டத்தில் மார்க்ஸும் உண்டு, பெண்ணியமும் உண்டு, சாதி பற்றிய தாள்களும் உண்டு. ஆனால் கல்விக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். உதவித்தொகை பெறுவோர் அங்கும் இருக்கிறார்கள் என்றாலும், 2024இல் அங்கே படிக்கும் மாணவர்களே வளாகத்தில் சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்தக் கோரிப் போராட வேண்டியிருந்தது. பாடத்திட்டம் முற்போக்காக இருப்பதும் வகுப்பறை முற்போக்காக இருப்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது கேள்வி, மாணவர்களின் கையில் எது இருக்கிறது என்பது. ஜே.என்.யு. மாணவர் சங்கத்துக்கென்று சொந்த அமைப்பு விதி உண்டு. தேர்தலை நடத்துவது நிர்வாகமன்று. மாணவர்களே தங்களுக்குள்ளிருந்து அமைக்கும் தேர்தல் குழு. வேட்புமனுவைச் சரிபார்ப்பது, வாக்குச் சீட்டு, இரவெல்லாம் நீளும் வாக்கு எண்ணிக்கை, நடுநடுவே முன்னிலை நிலவரத்தை அறிவிப்பது எல்லாம் மாணவர்களின் வேலை. பிரச்சாரம் விடுதி மெஸ்ஸில் நடக்கும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசைகளை ஒதுக்கிவிட்டு யாரோ ஒரு பேச்சாளரை நடுவில் நிறுத்துவார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் மாணவர் அமைப்பான எஸ்.எஃப்.ஐ.யின் கூட்டத்தில், இன்னொரு இடது அமைப்பான ஏ.ஐ.எஸ்.ஏ.வைச் சேர்ந்தவர் எழுந்து மேற்கு வங்க இடது ஆட்சியில் நடந்த நந்திகிராமத் துப்பாக்கிச்சூட்டைப் பற்றிக் கேட்பார்; ஏ.ஐ.எஸ்.ஏ.வின் கூட்டத்தில் அம்பேத்கரிய மாணவர் எழுந்து உங்கள் மத்தியக் குழுவில் தலித்துகள் எத்தனை பேர் என்று கேட்பார். வாக்குப்பதிவுக்கு முன்பாகத் தலைவர் பதவி வேட்பாளர்கள் எல்லோரும் ஒரே மேடையில் நின்று ஒருவரையொருவர் கேள்வி கேட்பதும், கூட்டத்திலிருந்து வரும் கேள்விக்குப் பதில் சொல்வதும் நெடுநாளைய வழக்கம். கையெழுத்துச் சுவரொட்டிகள்தாம் விளம்பரம். மாணவர் தேர்தலில் வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது, அச்சிட்ட சுவரொட்டி கூடாது என்றெல்லாம் லிங்டோ குழு 2006இல் பரிந்துரைத்தபோது, பணமும் அடியாளும் இல்லாமல் தேர்தல் நடத்துவது எப்படி என்பதற்கு ஏற்கெனவே ஒரு நடைமுறை உதாரணம் அங்கே இருந்தது. அதே ஊரில் டெல்லிப் பல்கலைக்கழகத் தேர்தலில் 2024ஆம் ஆண்டு சுவர்களும் பொது இடங்களும் நாசம்செய்யப்பட்டதால், அவற்றைச் சுத்தம் செய்யும்வரை வாக்கு எண்ணக் கூடாதென்று உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. தேர்தல் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதை யார் நடத்துகிறார்கள், எவ்வளவு செலவில் போட்டியிட முடிகிறது என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலுள்ள தூரமே சான்று.

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு சறுக்குகிறது. 1965இல் மொழிப் போராட்டத்தைத் தோளில் சுமந்த மாணவர் பரம்பரையின் மாநிலத்தில், இன்று பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் என்ற ஒன்றே நடப்பதில்லை. பேரவை இருந்தாலும் மதிப்பெண்ணைப் பார்த்துத் துறைத்தலைவர் பெயர் சொல்வதே தேர்தல். அமைப்புகள் இருக்கின்றன. இந்திய மாணவர் சங்கம் (எஸ்.எஃப்.ஐ.), அனைத்திந்திய மாணவர் பெருமன்றம், புரட்சிகர மாணவர் இளைஞர் முன்னணி, திராவிட இயக்கங்களின் மாணவர் அணிகள் எல்லாம் வேலைசெய்கின்றன. ஆனால் வேலை நடப்பது வாயிற்கதவுக்கு வெளியே, டீக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும். உள்ளே இன்டர்னல் மார்க்கில் கைவைத்துவிடுவார்கள் என்ற பயம் போதும். தடை உத்தரவு எதுவும் தேவைப்படாது. மாணவியருக்கு இன்னொரு பூட்டும் உண்டு. மாலை ஆறரைக்கு விடுதிக் கதவு மூடிவிட்டால் கூட்டமும் நூலகமும் ஆண்களுக்கு மட்டுமே. டெல்லியில் 2015இல் தொடங்கிய 'பிஞ்ரா தோட்' (கூண்டை உடை) இயக்கம் விடுதி நேரக் கட்டுப்பாட்டையே தன் அரசியலின் மையமாக்கியது சரியான கணிப்பு. ஒரு மாணவி தனக்கேற்ற கல்லூரியைத் தேடும்போது, பாடப்பிரிவுகளின் பட்டியலுக்கு முன்னால் விடுதிக் கதவு மூடும் நேரத்தைக் கேட்டறிவது நல்லது.

மூன்றாவது கேள்வி விலையைப் பற்றியது. 2017இல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர், காவிரிப் படுகையில் ஹைட்ரோகார்பன் எடுப்பதை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்ததற்காகக் கைதாகி, குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. சில வாரங்களில் சென்னை உயர் நீதிமன்றம் குண்டர் சட்டக் காவலை ரத்துசெய்தது. பகுத்தறிவு இயக்கத்தின் மாபெரும் பெயரைத் தாங்கிய நிறுவனத்தில் ஒரு துண்டறிக்கைக்குக் கிடைத்த எதிர்வினை இது. பெயர்ப்பலகையை நம்பக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். இதற்கு இரண்டாண்டுக்கு முன் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் ரத்துசெய்தது. ஒன்றிய அமைச்சகத்துக்குப் போன பெயரில்லாத புகார் ஒன்றே அதற்குத் தொடக்கம். நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின் இரண்டு வாரத்தில் அங்கீகாரம் திரும்பியது. சமூக நீதிக்குப் பெயர்பெற்ற மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகம் 2024இல் ஒரு தலித் ஆய்வு மாணவரை, அவருடைய அரசியல் செயல்பாட்டைக் காரணம் காட்டி இரண்டாண்டு இடைநீக்கம் செய்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தண்டனைக் காலத்தைக் குறைத்து அவர் படிப்பைத் தொடர வழிசெய்தது. ஜே.என்.யு.வுமே 2023இன் இறுதியில் புதிய விதிகளை அறிவித்தது. வகுப்பறைக் கட்டடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் போராட்டம் நடத்தினால் 20,000 ரூபாய்வரை அபராதம் என்றது அது. மாதம் 12,000 ரூபாய் வருமானமுள்ள குடும்பத்தின் பிள்ளைக்கு அந்தத் தொகை என்ன அர்த்தம் தரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விலையைக் கணக்கிடுகையில் அரசு நிறுவனம், தனியார் நிறுவனம் என்ற வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரசு பல்கலைக்கழகம் மாணவரின் பேச்சுரிமையை மீறினால் அரசியல் சாசனத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்துக்குப் போகும் பாதை அகலமானது. தனியார் பல்கலைக்கழகத்துக்கு எதிராக அந்தப் பாதை குறுகலானது. அங்கே சேரும்போது கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தையே எடுத்து நீட்டுவார்கள். 2016 பிப்ரவரியில் வளாகத்தில் நடந்த சர்ச்சைக்குரிய கூட்டத்தை ஒட்டி ஜே.என்.யு. நிர்வாகம் அப்போதைய மாணவர் சங்கத் தலைவர் கன்னையா குமார் மீது விதித்த அபராதத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் ரத்துசெய்தது. தனியார் உலகில் இத்தகைய நிவாரணம் அரிது. அசோகா பல்கலைக்கழகத்தில் 2019 பொதுத்தேர்தலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிய பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் 2023இல் பதவி விலகினார். பல்கலைக்கழகம் அந்தக் கட்டுரைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று விலகிக்கொண்டது. பேராசிரியருக்கே இதுதான் நிலை என்றால் மாணவர் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஆசிரியர்களில் எத்தனை பேர் நிரந்தரப் பணியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் கௌரவ விரிவுரையாளர்கள் என்று விசாரிப்பதும் இதனால்தான். ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்குக் காத்திருப்பவர் மாணவருக்காக வாய்திறப்பார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமன்று.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது, இடதுசாரிகள் ஆளும் வளாகங்களே வன்முறைக் களங்களாகிவிடவில்லையா என்பது. மறைக்க ஒன்றுமில்லை. 2019 ஜூலையில் திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி கல்லூரியில் எஸ்.எஃப்.ஐ. கிளைப் பொறுப்பாளர்கள் ஒரு மாணவரைக் கத்தியால் குத்தினார்கள், குத்துப்பட்டவரும் எஸ்.எஃப்.ஐ.காரரே. அமைப்பு அந்தக் கிளையைக் கலைக்க வேண்டியதாயிற்று. 2024 பிப்ரவரியில் வயநாடு பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் சக மாணவர்களின் கும்பல் விசாரணைக்கும் சித்திரவதைக்கும் உள்ளான மாணவர் இறந்துபோனார், குற்றம்சாட்டப்பட்டவர்களில் எஸ்.எஃப்.ஐ. நிர்வாகிகளும் இருந்தனர். 2023 ஆகஸ்டில் ஜாதவ்பூர் விடுதியில் ராகிங்குக்குள்ளான முதலாண்டு மாணவர் உயிரிழந்தார். 'ஹோக் கலரப்' (ஆரவாரம் எழட்டும்) என்ற மாணவர் முழக்கத்தோடு 2014இல் நிர்வாகத்தை உலுக்கிய அதே வளாகம் அது. இடதுசாரி மாணவர்களும் இன்னொரு பக்கத்தில் பலியாகியிருக்கிறார்கள். 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் குத்திக் கொல்லப்பட்ட எஸ்.எஃப்.ஐ. மாணவர் தமிழ் பேசும் வட்டவடையின் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர். அந்தக் கொலை முதல் இரண்டு சம்பவங்களுக்குச் சமாதானமாகிவிடாது. இந்த மறுப்பை நான் முழுவதுமாக ஏற்கிறேன். அது என் வாதத்தையே உறுதிசெய்கிறது என்றும் நினைக்கிறேன். ஒரே கொடி மட்டும் பறக்கும் வளாகம் இடதுசாரி மாணவருக்கு ஏற்றதன்று. எந்த அமைப்பானாலும் போட்டியில்லாமல் ஆண்டால் காலப்போக்கில் காவல் நிலையமாகிவிடும். ஜே.என்.யு.வில் இடது அமைப்புகள் ஒன்றோடொன்று மோதின. 2000ஆம் ஆண்டில் வலதுசாரி மாணவர் அமைப்பான ஏ.பி.வி.பி. ஒரே வாக்கு வித்தியாசத்தில் தலைவர் பதவியைப் பிடித்தது. தோற்கக்கூடும் என்ற அச்சம் இருந்த இடத்தில்தான் வாதம் வளர்ந்தது. ஆகவே எத்தனை அமைப்புகள் இயங்குகின்றன, கடைசியாக ஆளும் அமைப்பு எப்போது தோற்றது என்று கேளுங்கள்.

அடுத்த மறுப்பு இடதுசாரிகளுக்கு உள்ளிருந்தே வருவது. சிவப்புக் கொடியின் கீழும் சாதி அப்படியேதானே இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் தலித் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா முதலில் எஸ்.எஃப்.ஐ.யில் இருந்தவர். பிறகு அதை விட்டு அம்பேத்கர் மாணவர் சங்கத்துக்குப் போனார். மாதம் 25,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் வந்துசேராத நிலையில், விடுதியிலிருந்தும் விலக்கப்பட்டு, 2016 ஜனவரி 17 அன்று உயிரிழந்தார். ஜே.என்.யு.வில் பிர்சா அம்பேத்கர் பூலே மாணவர் சங்கம் உருவாகி, இடது அமைப்புகளின் தலைமை யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியைத் தேர்தல் மேடையிலேயே வைத்தது. 1996க்குப் பிறகு தலித் ஒருவர் ஜே.என்.யு. மாணவர் சங்கத் தலைவராக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்ற உண்மை அந்தக் கேள்விக்கு நியாயம் சேர்க்கிறது. ஆனால் இதிலிருந்து இடது அமைப்புகளுள்ள வளாகத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற முடிவு வராது. அந்த விமர்சனத்தைச் சொல்வோர் உள்ளே வர முடிந்ததும், தனி அமைப்பு கட்ட முடிந்ததும் முதல் இரண்டு அளவுகோல்களால்தான். ரோகித்தின் விஷயத்தில் பல்கலைக்கழகம் தவறியது மூன்றாவதில். உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா, நிர்வாகத்தோடு முரண்பட்டவருக்கு அது நின்றுபோகிறதா என்பதை அங்கே ஏற்கெனவே படிப்பவர்களிடம் கேட்டறிவது கொள்கை அறிக்கையைப் படிப்பதைவிட முக்கியம்.

மூன்றாவது மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. உண்மையான போராளிகள் வசதியான வளாகங்களில் உருவாவதில்லை, பகையான இடங்களில்தான் உருவாகிறார்கள் என்பார்கள். தமிழ்நாட்டில் இதற்குக் கம்யூனிஸ்ட் தலைவர் என். சங்கரய்யாவைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1937இல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார். அது கிறித்தவ மிஷனரிக் கல்லூரி, கம்யூனிஸ்ட் பாசறையன்று. அங்கிருந்தபடியே மாணவர் சங்கம் கட்டினார். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களின் கைதைக் கண்டித்துத் துண்டறிக்கை எழுதியதற்காக 1941 பிப்ரவரியில் கைதானபோது பட்டத் தேர்வுக்கு இரண்டு வாரமே இருந்தது. பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர முன்வந்தும், ஆளுநர் ஆர்.என். ரவி கோப்பில் கையெழுத்திட மறுத்தார். அந்த ஆண்டு நவம்பரிலேயே சங்கரய்யா காலமானார். எண்பத்திரண்டு ஆண்டுக்குப் பிறகும் ஒரு துண்டறிக்கையின் கணக்கு தீரவில்லை. பகையான இடத்திலும் அரசியல் முளைக்கும் என்பதற்கு இது சான்று என்றால், அதற்கு எவ்வளவு விலை என்பதற்கும் இதுவே சான்று. அவர் பின்னால் நாடு தழுவிய விடுதலை இயக்கம் இருந்தது. சிறையிலிருந்து வந்தவரை ஏற்கக் கட்சி இருந்தது. வீட்டில் முதல் பட்டதாரியாக வரவேண்டிய இன்றைய மாணவியிடம் "நீயும் பட்டத்தை இழந்து வா" என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. தியாகத்தைப் போற்றலாம், சேர்க்கை ஆலோசனையாக அதை வழங்கக் கூடாது.

படிப்பு கெட்டுவிடும் என்ற பெற்றோரின் மறுப்பு மிச்சமிருக்கிறது. 1983இல் ஜே.என்.யு. போராட்டத்தில் கைதாகித் திகாரில் பத்து நாள் இருந்த மாணவர்களில் ஒருவர் அபிஜித் பானர்ஜி. 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். திருச்சி சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியில் இளங்கலை முடித்து அதே ஜே.என்.யு.வில் அதே காலத்தில் முதுகலை படித்தவர் நிர்மலா சீதாராமன். அவர் எதிர்த்திசையில் போய் ஒன்றிய நிதியமைச்சரானார். தனி மனிதர் கதைகளால் எதையும் நிறுவிவிட முடியாதுதான். ஆனால் இந்தியாவில் அரசியல் கொந்தளிப்புக்குப் பெயர்போன அந்தப் பல்கலைக்கழகம்தான் அரசின் தரவரிசையிலேயே பல ஆண்டுகளாகப் பல்கலைக்கழகங்களில் இரண்டாம் இடத்தில் இருந்துவருகிறது. வாக்குவாதம் நடக்கும் இடத்தில் படிப்பு நடக்காது என்ற கூற்றுக்கு இதைவிட நேரடியான பதில் இருக்க முடியாது. இதைவிட அடிப்படையான பதிலும் ஒன்றுண்டு. இங்கே சொன்ன மூன்று அளவுகோல்களில் அரசியல் மாணவருக்கு மட்டும் உதவுவது எது? மலிவான விடுதி, நேரத்துக்கு வரும் உதவித்தொகை, விசாரணையின்றித் தண்டிக்காத நிர்வாகம், மெஸ் சாப்பாட்டைப் பற்றிப் புகார் சொல்ல ஒரு சங்கம் இவையெல்லாம் அரசியலே வேண்டாம் என்கிற ஏழை மாணவருக்கும் தேவைப்படுபவை. இடதுசாரி மாணவருக்கு ஏற்ற கல்லூரியும் கையில் காசில்லாத மாணவருக்கு ஏற்ற கல்லூரியும் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை.

ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு நல்ல வளாகமும் வாயிற்கதவுக்கு வெளியே பாதுகாப்புத் தராது. ஜே.என்.யு.வின் முன்னாள் ஆய்வு மாணவர் உமர் காலித் 2020 செப்டம்பரில் ஊபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் கைதாகி, விசாரணைக் கைதியாகவே ஆண்டுகள் பலவற்றைச் சிறையில் கழித்தார். 2020 ஜனவரி 5 இரவு முகமூடி அணிந்த கும்பல் அந்த வளாகத்துக்குள்ளேயே புகுந்து விடுதிகளில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் அடித்தது. வளாகங்களும் நிலையாக இருப்பதில்லை. ஆய்வுப் படிப்புகளில் பின்தங்கிய மாவட்டத்துக்கான கூடுதல் மதிப்பெண் 2017இல் எடுக்கப்பட்டது. 2019க்குப் பிறகு சங்கத் தேர்தல் 2024 மார்ச் வரை நடக்கவில்லை. கட்டுரை எழுதச் சொல்லிப் பார்த்துச் சேர்த்த பல்கலைக்கழகம் இப்போது கணினியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிச் சேர்க்கிறது. பத்தாண்டுக்கு முன் அங்கே படித்தவர் சொல்வதை மட்டும் கேட்டு ரயிலேறுபவர் இல்லாத வளாகத்துக்குப் போய்ச் சேர்வார்.

மூன்று தேர்வுகளிலும் முழு மதிப்பெண் வாங்கும் கல்லூரி இந்தியாவில் இன்று இல்லை. எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் நடைமுறைக் கேள்வி. என் வரிசை இது. விடுதியும் உதவித்தொகையும் முதலில், ஏனென்றால் மூன்றாம் செமஸ்டரில் பணமில்லாமல் ஊர் திரும்புகிறவருக்கு எந்தச் சங்கமும் பயன்படாது. ஒழுங்கு விதிகள் அடுத்து. குறிப்பாக, தண்டனைக்கு முன் விசாரணை உண்டா, மேல்முறையீடு யாரிடம் என்பது. தேர்தலும் அமைப்புகளும் மூன்றாவது, ஏனென்றால் முதல் இரண்டும் இருக்கும் இடத்தில் மூன்றாவதை மாணவர்களால் உருவாக்கிக்கொள்ள முடியும், ஜே.என்.யு.வின் சேர்க்கை விதியே அப்படி வென்றெடுக்கப்பட்டதுதான். ஆசிரியர்களின் கொள்கையும் வளாகத்தின் புகழும் கடைசியில். இந்த வரிசைப்படி பார்த்தால், டெல்லிக்கு இடம் கிடைக்காத தமிழ்நாட்டு மாணவர் பல லட்சம் கடன் வாங்கி முற்போக்குப் பாடத்திட்டமுள்ள தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போவதைவிட, பக்கத்து ஊர் அரசு கலைக்கல்லூரியில் சேர்ந்து, அங்கே நடக்காத பேரவைத் தேர்தலை நடத்தக் கோருவது அரசியலாகவும் சரி, குடும்பக் கணக்காகவும் சரி, நல்ல முடிவு. அந்தக் கோரிக்கைக்கு லிங்டோ குழுவின் பரிந்துரையும் அதை ஏற்ற உச்ச நீதிமன்ற உத்தரவும் ஏற்கெனவே துணை நிற்கின்றன. கோருவதற்கு ஆள்தான் தேவை.